பழைய பிரெஞ்சு எனாமல் பிரேஸ்லெட்: வாங்கும்போதும் பழுது பார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுகுத்தலை முத்திரையைக் கண்டதுமே 'பத்தொன்பதாம் நூற்றாண்டு நகை' என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 1838இல் வந்த அந்த முத்திரை பிரான்சில் இன்றும் 18 காரட் தங்கத்தில் விழுகிறது. அது தரத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. ஆந்தை முத்திரை மட்டும் இருந்தால், அது 1893 முதல் வெளிநாட்டிலிருந்து வந்த நகைகளுக்குப் போடப்பட்டது. பாரிஸ் பட்டறைக்கு அது சாட்சியாகாது.

வயதை அறிய, சாய்சதுரத்துக்குள் இருக்கும் பட்டறை முத்திரையை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பூட்டின் நாக்கில் முதலில் தேடுங்கள். உதாரணமாக, பாரிஸ் நகைக் கலைஞர் லூசியென் ஃபாலிஸ் 1880 முதல் 1892 வரை பாப்ஸ்ட் என்ற இன்னொரு நகைக் கலைஞருடன் கூட்டாகத் தொழில் செய்தார். இரு பெயரும் சேர்ந்த நகையை 1860களின் வேலை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

பழுது பார்ப்பதில்தான் பெரிய சேதம் நடக்கிறது. எனாமல் என்பது சுமார் 750 முதல் 850 டிகிரி செல்சியஸில் உருகித் தங்கத்தோடு ஒட்டிய கண்ணாடி. அறுந்த வளையத்தைப் பற்றவைக்க நெருப்பைக் காட்டினால் தங்கமும் கண்ணாடியும் வேறுவேறு அளவில் விரியும்; எனாமல் விரிசல் விட்டுத் தெறிக்கும். விரிசலில் புகுந்த அழுக்கு கருகிக் கறையாக நின்றுவிடும். தெறித்த இடத்தில் அதே நிறத்தை மறுபடி வார்ப்பது மிகக் கடினம். அதனால் லேசர் வெல்டிங் வைத்திருப்பவரிடமே கொடுங்கள். கைக்குப் பெரிதாக இருந்தால் எனாமல் பட்டையை வெட்டாதீர்கள். எனாமல் இல்லாத கண்ணிகளைக் கழற்றி அளவைக் குறைக்கலாம். கழற்றியவற்றைப் பத்திரமாக வையுங்கள்.

உரைகல்லில் தேய்க்கவும் வேண்டாம், அமிலத்தில் போடவும் வேண்டாம். தரம் தெரிய எக்ஸ்-கதிர்ச் சோதனை போதும். கருவி வெறும் தங்கத்தைப் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள்; எனாமல் மேல் பட்டால் அதிலுள்ள உலோகங்களும் கணக்கில் சேர்ந்துவிடும்.

சுத்தம் செய்ய அல்ட்ராசோனிக், நீராவி, அம்மோனியா, எலுமிச்சை எதுவும் கூடாது. காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியே போதும். விரிசல் இருந்தால் அதுவும் வேண்டாம், மென்மையான உலர்ந்த தூரிகை மட்டும். அசிட்டோனைத் தொடவே தொடாதீர்கள்: முன்பு யாரோ ரெசின் வைத்து ஒட்டிய இடங்கள் கரைந்துபோகும். அப்படிப்பட்ட ஒட்டுகள் புற ஊதா விளக்கில் பெரும்பாலும் வேறு விதமாக ஒளிரும். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த விளக்கைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.