‘எக்ஸ்க்யூஸ் மீ’யைக் கொரிய மொழியில் சொல்வது எப்படி?

‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்பதற்குக் கொரியச் சொல் என்னவென்று அகராதியில் தேடினால், பெரும்பாலும் முதலில் கிடைப்பது ‘சில்லேஹம்னிதா’. அது பிழையான சொல் அன்று. ஆனால் உணவகத்திலும் ரயிலிலும் தெருவிலும் அதையே சொன்னால், பேச்சு விறைப்பாக இருக்கும். ஆங்கிலத்தில் அந்த ஒரே தொடர் பார்க்கும் வேலையைக் கொரிய மொழியில் பல சொற்கள் பிரித்துக்கொள்கின்றன.

முதல் படியாக, ஆங்கிலத் தொடரை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் தமிழில் என்ன சொல்வீர்கள் என்று எழுதுங்கள். ஒருவரை அழைக்க ‘ஏங்க’, கூட்டத்தில் ‘கொஞ்சம் வழி விடுங்க’, தயங்கிக் கேட்கும்போது ‘தப்பா நினைக்காதீங்க’, காலை மிதித்துவிட்டால் ‘மன்னிச்சிடுங்க’. கொரிய மொழியும் ஏறக்குறைய இதே இடங்களில் பிரிவதால், இந்தப் பட்டியலே உங்களுக்கு நல்ல வழிகாட்டி.

இரண்டாவது, அழைப்பது. உணவகத்தில் பணியாளரை அழைக்க ‘யொகியோ’ என்று சற்று உரக்கச் சொல்ல வேண்டும். ‘யொகி’ என்றால் இங்கே. இறுதியில் வரும் ‘யோ’ நம் ‘ங்க’ போன்ற மரியாதை விகுதி. ஆக, அது அப்படியே ‘இங்கேங்க’தான். தெருவில் முன்னே செல்பவரை நிறுத்த ‘ஜொகியோ’ பொருந்தும். உணவகத்திலும் அதைச் சொல்லலாம். இவற்றின் முதல் எழுத்தில் வரும் உயிரொலியை உதட்டைக் குவிக்காமல், நம் ஒகரத்தைவிட வாயைச் சற்றுத் திறந்து ஒலிக்க வேண்டும். கடைசி ‘யோ’வுக்கு மட்டும் உதடு குவியட்டும். நடுத்தர வயதுப் பெண் பணியாளரைக் கொரியர்கள் ‘இமோ’ என்று, அதாவது தாயின் சகோதரியை அழைக்கும் முறையில், அழைப்பதையும் கேட்பீர்கள். கேட்க இனிமையான வழக்கம்தான். ஆனாலும் புதியவர்கள் ‘யொகியோ’வோடு நிற்பதே நல்லது.

மூன்றாவது, வழி விடச் சொல்வது. சியோல் நகரின் 2ஆம் தடச் சுரங்க ரயிலில், சிந்தோரிம் போன்ற நெரிசலான நிலையத்தில் இறங்க வேண்டுமானால் ‘ஜம்ஷிமன்யோ’, அதாவது ‘ஒரு நிமிஷங்க’, என்று சொல்லி நகரலாம். ‘நேரில்க்கேயோ’ என்றால் ‘இறங்கிக்கிறேங்க’. கதவருகே நிற்பவருக்கு இது இன்னும் தெளிவாகப் புரியும்.

அகராதிச் சொல்லுக்கு உரிய இடம் நான்காவது படியில் வருகிறது. ‘சில்லே’ என்றால் மரியாதைக் குறைவான செயல். அதிலிருந்து வரும் ‘சில்லேஜிமன்’ என்பதைக் கேள்விக்கு முன்னால் வைத்தால், நம் ‘தப்பா நினைக்காதீங்க’ கிடைத்துவிடும். தொலைபேசியில் அழைப்பவர் யாரென்று தெரியாதபோது, ‘சில்லேஜிமன், நுகுசேயோ?’ என்று கேட்பார்கள். ‘நுகுசேயோ?’ என்பது ‘யாருங்க?’ என்பதற்கு ஈடு. முன்சொல் இல்லாமல் அதை மட்டும் கேட்டால் சற்று வெடுக்கென்று இருக்கும்.

இனி, இடித்துவிட்டாலோ மிதித்துவிட்டாலோ ‘ஜ்வேசோங்ஹம்னிதா’ என்று மன்னிப்புக் கேளுங்கள். நெருங்கிய நண்பரிடம் ‘மியன்ஹே’ போதும், ஆனால் பெரியவரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் அதைச் சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாவிட்டால் இவற்றில் எதுவுமே வேண்டாம்: ‘நே?’ என்று குரலை உயர்த்திக் கேட்டால், அவர் மறுபடியும் சொல்வார்.