தாத்தாவின் .315: வேட்டை ரைஃபிளை இலக்குக்குத் தயார் செய்வது

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டு அலமாரியில் தாத்தாவின் .315 இருக்கிறது. இஷாபூர் தொழிற்சாலையில் செய்த, போல்ட் இழுத்துச் சுடும் ரைஃபிள். காட்டுப்பன்றிக்காக வாங்கியது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்பா எண்ணெய் துடைத்து வைப்பதோடு சரி. அவர் காலமானதும் வாரிசு முறையில் என் பெயருக்கு லைசென்ஸ் வாங்கி, ஒரு கிளப்பில் சேர்ந்து, இலக்கில் சுடத் தொடங்கினேன்.

முதல் நாள் 100 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டேன். துளைகள் 14 சென்டிமீட்டருக்குப் பரவியிருந்தன. இப்போது அதே ரைஃபிளில் 6 சென்டிமீட்டருக்குள் அடங்குகின்றன. 300 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 18. அங்கே பத்துப் புள்ளி வட்டம் 10 சென்டிமீட்டர் அகலம், ஒன்பதின் வட்டம் 20. பழைய பன்றித் துப்பாக்கி ஒன்பதுக்குள் நிற்கிறது என்றால் எனக்கு அது பெரிய விஷயம். இதற்கு டெலஸ்கோப் எதுவும் வாங்கவில்லை. செலவில் பெரும்பகுதி ரைஃபிளின் மரக் கட்டைக்குத்தான் போனது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றவும் அதற்கான லைசென்ஸ் வேண்டும். நம் கையில் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் மட்டும்தான். குழலை அனுமதியில்லாமல் வெட்டிக் குட்டையாக்குவது குற்றம். ஆகவே பார்ப்பது, துடைப்பது, அளப்பது, எழுதி வைப்பது நம் வேலை. செதுக்குவதும் துளைப்பதும் லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வேலை. தோட்டம் நம்முடையது என்பதற்காக அங்கே சுட்டுப் பார்க்கவும் கூடாது. அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும்.

முதலில் குழல். போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். தேய்க்கும் கம்பி பின்பக்கமிருந்து முன்பக்கம் போக வேண்டும். வாய்ப்பக்கமிருந்து விட்டால் கம்பி உரசி வாயின் விளிம்பு தேயும். தோட்டா கடைசியாகத் தொட்டுப் பிரியும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் மற்ற எந்த வேலையும் பலிக்காது. துணியில் பச்சை நிறம் வந்தால் உள்ளே செம்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் மூன்று நாள் பச்சை வந்தது.

இனி கட்டை. என்னுடையதைப் போன்ற லீ என்ஃபீல்டு வம்சத்து ரைஃபிள்களில் கட்டை இரண்டு துண்டு: தோளில் வைக்கும் பின் கட்டை, குழலைத் தாங்கும் முன் கட்டை. சுடும்போது வரும் உதையை முன் கட்டையின் பின்கோடியில் உள்ள இரண்டு சிறு பரப்புகள்தான் வாங்கிக்கொள்கின்றன. அவை இரண்டும் இரும்பின் மேல் ஒரே மாதிரி உட்கார வேண்டும். ஒன்று உட்கார்ந்து ஒன்று விலகியிருந்தால் ஒவ்வொரு தடவை சுடும்போதும் துப்பாக்கி ஒரு பக்கமாக நெளியும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்கார பாய் சொன்ன வழி எளிமையானது. வீட்டில் இருக்கும் கண் மையை இரும்பில் மெல்லிசாகத் தடவி, முன் கட்டையை மாட்டி, திருகை முடுக்கி, மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். மை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் மரம் இரும்பைத் தொடுகிறது. என் கட்டையில் வலது பரப்பு முழுக்கக் கறுப்பு. இடதில் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். பாய் அந்த இடத்தில் சின்ன மரத்துண்டு வைத்து ஒட்டி, மை தடவித் தடவிப் பதினைந்து தடவைக்கு மேல் இழைத்துச் சமப்படுத்தினார். அந்த வேலைக்குப் பிறகு 14 சென்டிமீட்டர் 9 ஆனது.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை ரைஃபிளில் பின் கட்டையை இறுக்கும் நீளமான போல்ட் உள்ளே போய்ச் சேரும் முனை சதுரமாக இருக்கும். முன் கட்டையில் உள்ள ஒரு தகடு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பின் கட்டை ஆடுகிறதே என்று முன் கட்டையைக் கழற்றாமல் அந்த போல்ட்டைத் திருகினால் முன் கட்டை பிளந்துவிடும். எங்கள் தோட்டத்துக்கு வந்த உறவினர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்துத் திருகினார். டப் என்று சத்தம் கேட்டது. நான்கு அங்குல நீளத்துக்கு விரிசல். பாய் ஒட்டிக் கொடுத்தார், ஆனால் அந்தக் கோட்டை இன்றும் பார்த்தால் வயிறு கலங்குகிறது. எப்போதும் முன் கட்டை முதலில் கழல வேண்டும்.

இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரிய தொல்லை. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடும். கீழே சேலத்தில் பங்குனி வெயிலில் மரம் சுருங்கி வெடிக்கும். மார்ச்சில் சரி பார்த்து வைத்த குறி, நவம்பரில் ஒரு சாண் இடப்பக்கம் மேலே போனது. என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். “தம்பி, ஒரு பத்து ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவுல விட்டு இழுத்துப் பாருங்க” என்றார் பாய். நோட்டு பாதி தூரம் வழுக்கிக்கொண்டு வந்தது, வலது பக்கம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஈரத்தில் உப்பிய மரம் குழலை அங்கே நெட்டிக்கொண்டிருந்தது. அதை இழைத்து இடைவெளி விட்டதும், குழல் படுக்கும் உள்பக்கம் உட்பட முழுக் கட்டைக்கும் ஆளி விதை எண்ணெய் ஏற்றினோம். நாளுக்கு ஒரு பூச்சு, துணியால் தேய்த்துச் சூடேற்றி, பத்து நாள். வெளியே மட்டும் பளபளவென்று வார்னிஷ் அடித்து உள்ளே வெறும் மரமாக விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். இப்போதும் ரேஞ்சுக்குக் கிளம்பும் முன் நோட்டை விட்டுப் பார்க்காமல் நான் புறப்படுவதில்லை.

குறி பார்ப்பதற்கு டெலஸ்கோப் நல்லதுதான், ஆனால் இந்த ரைஃபிளில் அதைப் பொருத்த இரும்பைத் துளைக்க வேண்டும். மலை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை வேறு படியும். நான் ஏற்கெனவே உள்ள திருகுத் துளையில் மாட்டும் பீப் சைட் போட்டேன். கண்ணுக்குப் பக்கத்தில் சிறு ஓட்டை, தூரத்தில் குழல் முனையில் முன்குறி. ஓட்டையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும். கிளிக் கிளிக்காக நகர்த்தலாம். முன்குறி வெயிலில் மினுங்கினால் கண் அதை ஒளி வரும் பக்கமாகப் பெரிதாகக் காணும், தோட்டா எதிர்ப்பக்கம் போகும். அதற்குக் கற்பூரப் புகை. போல்ட்டைக் கழற்றி, தோட்டாக்களைத் தள்ளி வைத்துவிட்டு, கற்பூரச் சுடரின் புகையில் முன்குறியை ஒரு நொடி காட்டினால் மினுக்கமே இல்லாத கறுப்பு ஏறிவிடும்.

விசையைத் தொடாதீர்கள். இரண்டு கட்டமாக இழுபடும் விசை அது. இலேசாக்கப் போய், கீழே தட்டினால் வெடிக்கிற நிலைக்கு வந்த துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போலித் தோட்டா போட்டு வீட்டில் தினமும் இருபது தடவை இழுத்துப் பழகினால் விரலே இலேசாகிவிடும்.

தோட்டாவை ஒரே தயாரிப்பு வரிசையைச் சேர்ந்த பெட்டிகளாக வாங்குங்கள். சுத்தம் செய்த குழலில் முதல் தோட்டா தனியாகப் போகும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐந்து சுட்டதும் குழலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை ஆற விடுங்கள். தேதி, நேரம், வெயில், காற்று, எத்தனை கிளிக் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். 100 மீட்டர் குறியோடு 300க்குப் போனால் என் ரைஃபிளில் தோட்டா ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். அந்தக் கிளிக் எண்ணிக்கை நோட்டில்தான் இருக்கிறது. சமவெளியில் காலை பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி இலக்கே ஆடத் தொடங்கும். அதனால் ஐந்தரைக்கே மலையிறங்கிவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி அடிவாரத்தில் டீ குடிக்கும்போது காரின் பின்கதவைத் திறந்து, துப்பாக்கிப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்த இரும்பைச் சூட்டுக் காற்றில் சட்டென்று திறந்தால் குழல் முழுக்க வியர்த்துவிடும். ரேஞ்சில் அரை மணி நேரம் பெட்டி மூடியே இருக்க வேண்டும். திறந்ததும் குழலுக்குள் காய்ந்த துணி ஒன்று. பிறகு அந்தப் பத்து ரூபாய் நோட்டு.