ஃபிட்டர் செய்முறைத் தேர்வு: 50 மி.மீ. சதுரம் 47 ஆகாமல் காப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு முடித்து ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுப் படிப்பு, முடித்தால் தேசியத் தொழிற் சான்றிதழ். எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கும். எல்லாம் கொள்குறி வினாக்கள். அதற்குச் ஐடிஐ பாடநூல்களை வெளியிடும், சென்னை கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனத்தின் தமிழ்ப் புத்தகமும், பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வினா வங்கியும் போதும். கைடு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். தியரியில் 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. செய்முறையில் 60 வேண்டும். பலரும் விழுவது அங்கேதான். நானும் அங்கேதான் விழுந்தேன்.

முதலாண்டில் 10 மி.மீ. தடிமன் கொண்ட மைல்ட் ஸ்டீல் பட்டையில் 50 மி.மீ. சதுரம் செய்யச் சொன்னார்கள். ஒரு பக்கத்தை அராவினேன். செங்கோணம் பார்க்கும் டிரை ஸ்கொயரை வைத்தால் கோணல். எதிர்ப் பக்கத்தை அராவிச் சரிசெய்தேன். இப்போது மூன்றாவது பக்கம் கோணல். அதைத் தொட்டால் முதல் பக்கம் முறைத்தது. மாலை மணி அடிக்கும்போது சதுரம் 47 மி.மீட்டருக்கு வந்திருந்தது. எங்கள் மாஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் குடுத்தா சட்டைப் பொத்தான் ஆக்கிடுவேபோல" என்றார்.

என் தவறு இரண்டு இடங்களில் இருந்தது.

முதலாவது, மட்டமாக அராவத் தெரியாதது. துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் உயரம் உங்கள் முழங்கை மட்டத்துக்கு இருக்க வேண்டும். உயரம் குறைந்தவர்கள் கூச்சப்படாமல் காலடியில் பலகை போட்டுக்கொள்ளுங்கள். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்குவதுதான் மிச்சம். வலக்கைக்காரர்களுக்கு இடக்கை அரத்தின் முனையில், வலக்கை பிடியில். தள்ளத் தொடங்கும்போது இடக்கை அதிகம் அழுத்த வேண்டும், நடுவில் இரண்டும் சமம், முடிக்கும்போது வலக்கை அதிகம். தராசுத் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள்: அராவும் துண்டு, அதாவது ஜாப்தான் நடுமுள். ஜாப்பைத் தாண்டி நீளும் முனையை அழுத்தினால் அந்தப் பக்கம் சாயும். இரண்டு கைகளாலும் ஒரே அளவில் அமுக்கிக்கொண்டே போனால் நடுவில் மேடும் ஓரங்களில் சரிவும் விழும். டிரை ஸ்கொயரின் அலகை நிறுத்தி டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். இரு ஓரங்களிலும் வெளிச்சம் கசிந்தால், உங்கள் கையும் என் கையைப் போலத்தான்.

இரண்டாவது தவறுதான் சதுரத்தைத் தின்றது. நான்கு பக்கங்களுக்கும் ஒரே மரியாதை கொடுத்தேன். அப்படிச் செய்யக் கூடாது. நேராக இருக்கும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, முழு மட்டமாக அராவி, ஸ்க்ரைபரால் 'அ' என்று கீறுங்கள். அடுத்து, அதை ஒட்டிய பக்கத்தை 'அ'வுக்குச் செங்கோணமாக்கி 'ஆ' என்று கீறுங்கள். இனி வானமே இடிந்தாலும் இந்த இரண்டையும் தொடக் கூடாது. துல்லிய மட்டமுள்ள சர்ஃபேஸ் பிளேட்டில் இவற்றை மாறிமாறி உட்கார வைத்து, உயரம் அளந்து கோடு கீறும் வெர்னியர் ஹைட் கேஜால் 50க்குக் கோடு போடுங்கள். கோடு அழியாதிருக்க டாட் பஞ்சால் புள்ளி வையுங்கள். எஞ்சிய இரண்டு பக்கங்களையும் கோட்டை நோக்கிக் கொண்டு வாருங்கள். கோணல் தெரிந்தால் திருத்த வேண்டியது எப்போதும் இந்த இரண்டைத்தான்.

கோட்டுக்கு அரை மி.மீ. இருக்கும்போதே கரடான பல் கொண்ட பாஸ்டர்ட் அரத்தைக் கீழே வைத்துவிடுவது என் வழக்கம். பிறகு அதைவிட நுண்ணிய செகண்ட் கட் அரம், கடைசி 0.1 மி.மீட்டருக்கு இன்னும் நுண்ணிய ஸ்மூத். 14 அங்குல அரத்தைத் தூக்கிக்கொண்டு வீரம் காட்டும் நண்பர்கள் உண்டு. நான் 10 அங்குலக்காரன். கை நடுங்காமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

அளப்பதற்கு டிஜிட்டல் வெர்னியர் வேண்டாம், முதலாண்டில் மட்டுமாவது. சாதாரண வெர்னியரில் 49 மி.மீ. நீளம் 50 பாகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரு பாகம் 0.98, அதற்கும் 1 மி.மீட்டருக்கும் உள்ள வித்தியாசமான 0.02தான் மீச்சிற்றளவு. முதன்மை அளவு 24, 17ஆவது கோடு பொருந்துகிறது என்றால் 24.34. தாடைகளை மூடிப் பூஜ்யம் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் வேறொரு கண்ணி இருக்கிறது. மி.மீ. கோடுகள் உள்ள அசையாத ஸ்லீவில் 7ஆவது கோட்டைத் தாண்டி ஓர் அரைக் கோடு பாதி எட்டிப் பார்க்கும். சுழலும் திம்பிளில் 23. அவசரத்தில் 7.23 என்று எழுதிவிடுவீர்கள், விடை 7.73. சந்தேகம் வந்தால் வெர்னியரால் ஒருமுறை அளந்து பாருங்கள், அரை மி.மீ. ஒளிந்துகொள்ள முடியாது.

ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் ஃபிட்டிங் வேலை வந்தால், உள்ளே நுழையும் துண்டை முதலில் முடித்துவிடுங்கள். வெளி அளவை அளப்பது எளிது. அதை வைத்து மற்றதை மெல்ல அராவிக் கொண்டு வரலாம். உள்மூலைகளில் சிறு துளை போட மறக்காதீர்கள். அரத்தின் விளிம்பு மூலைவரை போகாது. துளை இல்லாவிட்டால் துண்டு மூலையில் இடித்துக்கொண்டு நிற்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு மாணவர், "நீங்கள் சொன்னபடியே செய்தேன், ஆனாலும் ஸ்கொயரில் வெளிச்சம் கசிகிறது" என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொன்னேன். விளிம்பு முழுவதும் பிசிறு. அராவியதும் ஓரத்தில் மெல்லிய இரும்புப் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கொயர் அதன் மேல் ஏறி நிற்பதால் நல்ல மட்டமும் கோணலாகத் தெரியும். ஒவ்வொரு முறை சோதிப்பதற்கு முன்னும் ஸ்மூத் அரத்தால் விளிம்பை ஒரு தடவை லேசாக வருடிவிடுங்கள். இன்னொருவர், அராவிய பரப்பில் ஆழமான கீறல்கள் விழுவதாகச் சொன்னார். அது அரத்தின் பல்லிடுக்கில் சிக்கிய இரும்புத் துகளின் வேலை. கம்பி பிரஷால் சுத்தம் செய்துவிட்டு, அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டறையில் கரும்பலகை சாக்பீஸ் அடிக்கடி காணாமல் போனதற்கும் இதுதான் காரணம்.