தோல் காயம் ஆறுவதை ஆராய விலங்கு மாதிரியை அமைக்கும் முறை

எந்த விலங்கு என்று கேட்பதற்கு முன், காயம் ஆறுவதில் எந்தக் கட்டத்தை அறிய விரும்புகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அழற்சியா, புதிய மேல்தோல் பரவுவதா, தழும்பா, நீரிழிவில் ஆறத் தாமதிக்கும் புண்ணா என்பதைப் பொறுத்தே மாதிரியை, அதாவது மனிதக் காயத்துக்கு ஈடாக வைத்து ஆராயும் விலங்கை, தேர்ந்தெடுக்க வேண்டும். வளர்ப்புச் செல்களோ அறுவை சிகிச்சையில் நீக்கப்பட்ட மனிதத் தோலோ அதே கேள்விக்கு விடை தருமானால், விலங்கைத் தொடவே கூடாது.

பெரும்பாலோர் சுண்டெலியில் தொடங்குகிறார்கள். பிழையும் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. சுண்டெலியின் தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய தசைப்படலம் காயத்தின் ஓரங்களை உள்நோக்கி இழுத்து மூடிவிடுகிறது. மனிதத் தோலிலோ, குருணைத் திசு (காயக்குழியில் புதிதாக வளரும், இரத்தக்குழாய்கள் நிறைந்த மென்திசு) நிரம்பி அதன்மீது மேல்தோல் பரவுவதே முதன்மையான வழி. ஆகவே, சுண்டெலியின் முதுகில் புண் சிறுத்ததைக் கண்டதும் மருந்து வேலை செய்தது என்று எழுதிவிடக் கூடாது. ஓரங்கள் இழுபட்டுக் காயம் வெறுமனே சுருங்கியதாகவும் இருக்கலாம்.

இப்படிக் காயம் சுருங்குவதைத் தடுக்க, முதுகெலும்பின் இருபுறமும் 6 மி.மீ. விட்டமுள்ள முழுத்தடிமன் காயங்களை (தோலின் எல்லா அடுக்குகளையும் கடப்பவை) பயாப்சி பஞ்ச் என்னும் வட்டமாகத் தோலை வெட்டும் கருவி கொண்டு உண்டாக்கி, ஒவ்வொன்றைச் சுற்றியும் சற்றுப் பெரிய உள்விட்டமுள்ள சிலிக்கோன் வளையத்தைப் பசையாலும் தையலாலும் பொருத்த வேண்டும். வளையத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும்; அது கழன்றால் அந்தக் காயத்தை என்ன செய்வது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

முடி வளர்ச்சிச் சுழற்சி பலரும் மறக்கும் ஒன்று. முடி வளரும் கட்டத்தில் தோல் தடிக்கிறது, காயமும் விரைவில் ஆறுகிறது. கருநிறச் சுண்டெலியில் மழித்த தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் ஓய்வுக் கட்டம், கருமை படர்ந்திருந்தால் வளர்ச்சிக் கட்டம் என்று கண்ணாலேயே அறியலாம். எல்லாக் குழுக்களும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும்.

நீரிழிவுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோனின் ஏற்பி பழுதான சுண்டெலியையோ, இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளால் அழித்த விலங்கையோ பயன்படுத்தலாம். முதலாவதில் உடற்பருமனும் சேர்ந்தே வருவதால், விளைவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். தடித்த தழும்பை ஆராய முயலின் காது ஏற்றது, அங்கே குருத்தெலும்பே காயம் சுருங்காமல் பிடித்துக்கொள்கிறது. மனிதத் தோலுக்கு மிக நெருங்கியது பன்றியின் தோல். ஆனால் ஒரே பன்றியில் பத்துக் காயங்கள் இருந்தால் அவற்றைப் பத்து விலங்குகளாக எண்ணிவிடக் கூடாது.

வலிநீக்கம் கட்டாயம். அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் ஆராயும் நிகழ்வையே மாற்றக்கூடும் என்பதால் புப்ரெனார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிநீக்கி மருந்தைத் தேர்ந்து, எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் கொடுக்க வேண்டும். எந்த நிலையில் விலங்கை ஆய்விலிருந்து நீக்குவது என்பதையும் விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவிடம் தரும் திட்டத்திலேயே குறிக்க வேண்டும்.

அளவுகோலுடன் எடுத்த புகைப்படம் மட்டும் போதாது. காயத்தின் நடுப்பகுதி வழியாகத் திசுவை வெட்டி, இரு பக்கத்திலிருந்தும் காயத்தின்மீது பரவிவரும் மேல்தோல் முனைகளான ‘நாக்குகளுக்கு’ இடையேயுள்ள தொலைவை, எது எந்தக் குழு என்று அறியாத ஒருவர் அளக்க வேண்டும். வெட்டு நடுவிலிருந்து விலகினால், திறந்த புண்ணும் பாதி மூடியதாகத் தோன்றும். அதனால் தொடர்வெட்டுகள் எடுத்து, இடைவெளி மிக அகன்று காணப்படும் வெட்டையே கணக்கில் கொள்ள வேண்டும்.