உயரத்துக்கு உடலைப் பழக்கும் நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்லும் பாதையில், 3,440 மீட்டர் உயரத்திலுள்ள நாம்சே பஜாரில் ஒரு நாளும் 4,410 மீட்டரிலுள்ள திங்போச்சேயில் ஒரு நாளும் கூடுதலாகத் தங்கி, பகலில் சில நூறு மீட்டர் மேலேறிவிட்டு இரவில் அதே ஊரில் வந்து உறங்குவது வழக்கம். நான் முன்பு செய்த அதே பிழைகளைப் புதியவர்கள் இவ்விரண்டு ஊர்களிலும் செய்வதைச் சென்ற முறையும் பார்த்துவிட்டு வந்ததால் இதை எழுதுகிறேன். காலணி, தண்ணீர், கையுறை பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

ஓய்வு நாள் என்று படுத்துக்கிடப்பது

உடம்பு நன்றாக இருந்தால் எழுந்து மெல்ல ஏறுங்கள்.

பந்தயம் போல ஏறுவது

நாம்சேயிலிருந்து ஷியாங்போச்சே விமான ஓடுதளம் வழியாக 3,880 மீட்டரிலுள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறி, கும்ஜுங் ஊரைச் சுற்றிக்கொண்டு இறங்குவது நல்ல பழகு நடை. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் இதற்குச் சரியான வேகம். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும், உயரத்தில் காற்று மெலிவதால் தலைவலியும் குமட்டலுமாக உண்டாகும் உயர நோய் வரலாம்.

தலைவலியை மறைத்து மேலேறுவது

இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான். என் முதல் பயணத்தில் திங்போச்சே சேர்ந்த இரவே நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. காலையில் வழிகாட்டி, "தலை வலிக்கிறதா, சார்?" என்று கேட்டபோது, குழுவோடு மேலே விடமாட்டாரோ என்ற பயத்தில் இல்லை என்றேன். யாருக்கும் தெரியாமல் இரண்டு பாராசிட்டமால் விழுங்கினேன். வலி அடங்கியதும், உடல் பழகிவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு, ஊருக்கு மேலேயுள்ள நாங்கர்ட்ஷாங் குன்றில் பாதியிலேயே திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னதையும் கேளாமல், 5,000 மீட்டரைத் தாண்டி உச்சியில் கட்டியிருக்கும் வேண்டுதல் கொடிகள் வரை போனேன்.

மாலையில் பருப்புச் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. நான் தட்டைத் தள்ளிவைத்ததைக் கவனித்த வழிகாட்டி, தரைப் பலகைகள் இரண்டு சேரும் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதியை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டிவைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாம் அடியில் உடல் இடப்பக்கம் சாய, பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தள்ளாட்டம் மூளை வீங்கத் தொடங்குவதன் அறிகுறி என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரவென்றும் பாராமல் நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் என்னைப் பாங்போச்சேவுக்கு இறக்கிக் கொண்டுபோனார். மறுநாள் நடை நேரானது. பயணம் அங்கேயே முடிந்தது. எனக்குத் துணையாக ஒரு சுமைதூக்கியும் குழுவை விட்டு இறங்க வேண்டியதாயிற்று.

திங்போச்சேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். அதை ஈடுகட்ட மூச்சு வேகமாகிறது. அதனால் இரத்தத்தில் கூடும் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாள்கள் பிடிக்கும். பாராசிட்டமால் அந்த வேலையைச் செய்யாது, வலியை மட்டும் அடக்கும். மாத்திரை போடுவது தவறன்று. போட்டதைச் சொல்லாமல் மேலே போவதுதான் தவறு. தலைவலியோடு குமட்டலோ அசதியோ தலைசுற்றலோ சேர்ந்தால் அன்று ஏற வேண்டாம். தணியாவிட்டால் மறுநாளும் வேண்டாம். கூடினாலோ தள்ளாடினாலோ அந்த நேரமே இறங்கிவிட வேண்டும்.

சென்ற முறை அதே ஊரில், ஓர் இளைஞர் மேசைக்கடியில் மாத்திரை அட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படலம் கிழியும் ஓசை கேட்டதும் எனக்கு எரிச்சல் மூண்டது. நேரே அவருடைய வழிகாட்டியிடம் போய்ச் சொன்னேன். இளைஞர் கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

டயமாக்ஸை நம்பி ஒரு நாளைக் குறைப்பது

கூடாது. அது உடல் பழகுவதற்கு உதவும் மருந்து, பழகும் நாளுக்கு மாற்று அன்று. அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

நாள்களை இறுக்கித் திட்டமிடுவது

அன்று நான் பொய் சொன்னதற்கு, கையில் இருந்த திரும்பும் விமானச் சீட்டும் ஒரு காரணம். இந்த நடைப்பயணத்துக்கு விமானத்தில் வந்து இறங்கும் ஊரான லுக்லாவில் வானிலை கெட்டால் விமானங்கள் எப்படியும் நின்றுவிடும். ஆகவே சீட்டு எடுக்கும்போதே இரண்டு நாள்களைச் சும்மா விட்டுவையுங்கள். திங்போச்சேயில் தலை வலித்தால் அவற்றில் ஒன்றை அங்கேயே செலவழிக்கலாம்.