பாய்மரப் படகில் குடியேறும் முன்: அடியில் உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள்

பத்துப் பன்னிரண்டு வயதான 38 அல்லது 40 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, புதுச்சேரியிலோ கடலூரிலோ கட்டி வைத்து அதிலேயே குடியிருக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெனிட்டோ, ஜனோ, பவாரியா, ஹன்ஸே என எந்தத் தொழிற்சாலைப் படகாக இருந்தாலும் நீர்மட்டத்துக்குக் கீழே எட்டுப் பத்து ஓட்டைகள் கட்டும்போதே போட்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றில் ஒரு வால்வு, அதில் ஒரு ஹோஸ், இரண்டையும் பிடித்திருக்கும் கிளாம்ப். உங்கள் படுக்கைக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது இவ்வளவுதான். சோலார், ஃபிரிட்ஜ், மெத்தை வாங்குவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

படி 1: எண்ணுங்கள், வரையுங்கள்

ஒரு டார்ச், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு நோட்டு போதும். எல்லாத் தரைப் பலகைகளையும் தூக்குங்கள். சமையல் தொட்டிக்கு அடியில் பாருங்கள்; வடிகால் ஒன்று இருக்கும், சில படகுகளில் கடல் நீர்க் குழாய்க்கும் ஒன்று. கழிப்பறை ஒவ்வொன்றிலும் மூன்று: நீர் உள்ளே வர 19 மி.மீ., கழிவு வெளியே போக 38 மி.மீ., முகம் கழுவும் தொட்டியின் வடிகால். எஞ்சின் குளிர்நீர் உள்வழி தனி. செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடி வழியாக நேராகக் கீழே இறங்கும் கால், அதில்தான் புரொப்பல்லர்) இருந்தால் அந்த நீர் பெரும்பாலும் டிரைவின் கால் வழியாகவே வரும். ஆழமானி, வேகமானி இரண்டுக்கும் ஓட்டை உண்டு. இவற்றுக்கு வால்வே இருக்காது என்பதால் பலர் எண்ண மறந்துவிடுகிறார்கள்.

எண்ணியதைப் படமாக வரைந்து லேமினேட் செய்து, எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். வால்வு எந்தப் பலகைக்கு அடியில், எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பது அதில் இருக்க வேண்டும். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். ராத்திரி இரண்டு மணிக்கு விருந்தாளி ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து வால்வைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதுதான் அதற்கான பரீட்சை.

படி 2: எந்த உலோகம் என்று பாருங்கள்

இதில்தான் ஏமாற்றம் அதிகம். தொழிற்சாலைப் படகுகள் பலவற்றில் பொருத்தியிருப்பது சாதாரணப் பித்தளை. அதில் ஏறத்தாழ 40 சதவீதம் துத்தநாகம். உப்பு நீர் அந்தத் துத்தநாகத்தை மெல்ல அரித்து எடுத்துவிடும். மிஞ்சுவது வடிவம் மாறாத, பலமில்லாத, பஞ்சு போன்ற செம்பு. வெளியே பார்த்தால் வால்வு வால்வாகவே இருக்கும். அலையில் படகு ஒரு குலுக்கு குலுக்கும்போது ஹோஸ் மாட்டிய முனை கையோடு வந்துவிடும். ஐரோப்பாவும் ஏற்ற சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9093-1 இந்தப் பொருத்துகளிடம் எதிர்பார்த்தது ஐந்தாண்டு அரிப்பின்மை மட்டுமே. ஐந்தாண்டுக்குப் பிறகு என்ன என்பது உங்கள் பாடு.

எமரித் தாளால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் என்றால் இன்னும் உயிர் இருக்கிறது. ரோஜா நிறமோ செம்பு நிறமோ தெரிந்தால், பொடி உதிர்ந்தால், அதன் காலம் முடிந்தது. வால்வு நன்றாக இருந்தாலும் ஹோஸ் முனையைத் தனியாகத் தேய்த்துப் பாருங்கள், முதலில் போவது அதுதான். படகு தண்ணீரில் இருக்கும்போது சுத்தியலால் தட்டிச் சோதிக்க வேண்டாம். ஹோஸை மட்டும் கையால் அழுத்தமாக அசைத்துப் பாருங்கள், அதையும் அடைப்பு முளையை (ஓட்டையில் அடித்துச் செருகும் மரக் கூம்பு) பக்கத்தில் வைத்துக்கொண்டு. இறுகிப்போன கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பாதீர்கள். தண்டு முறிந்தால் வால்வு திறந்த நிலையிலேயே நின்றுவிடும்.

மாற்றுவதென்றால் மூன்று வழிகள்: துத்தநாகம் அரிபடாத டிஇசட்ஆர் பித்தளை, கன்மெட்டல் அல்லது வெண்கலம், கண்ணாடி இழை கலந்த நைலான். புதுச்சேரி போல வெயிலும் உப்புக் காற்றும் மின்கசிவும் சேர்ந்த இடத்தில் நைலான் வகைதான் எங்கள் தேர்வு, அதற்கு அரிப்பு என்பதே இல்லை. வீட்டு மோட்டாருக்குப் போடும் பித்தளை பால் வால்வை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். தொழிற்சாலைச் சாமான் கடையில் கிடைக்கும் கன்மெட்டல் கேட் வால்வும் சரிப்படாது. அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியாது. உள்ளே ஒரு கொட்டலசு ஓடு சிக்கினால் முழுதாக மூடவும் மூடாது.

படி 3: ஹோஸும் கிளாம்பும்

நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளாம்ப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம். 316 தர ஸ்டெயின்லெஸ், பட்டையில் துளை வெட்டாத வகை வாங்குங்கள். கடைக்கு ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். பட்டை ஸ்டெயின்லெஸ், திருகு மட்டும் முலாம் பூசிய இரும்பு என்று விற்கிறார்கள். திருகில் காந்தம் இழுத்து ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய கிளாம்ப் மேலே மினுமினுக்கும், திருகுப் பெட்டிக்கு அடியில் துருப்பிடித்து அறுந்திருக்கும். ஒன்றைக் கழற்றிப் பார்க்காமல் மற்றவற்றை நம்ப வேண்டாம்.

ஒவ்வொரு வால்வின் அருகிலும் அதன் அளவுக்கு ஒரு கூம்பு முளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மென்மரமாக இருக்க வேண்டும், ஊறியதும் உப்பி இறுகும். தேக்கு வேண்டாம். பேக்கிங் பெட்டிக்கு வரும் பைன் மரத்தைக் கடைசலில் கொடுத்தால் போதும்: நீளம் 20 செ.மீ., நுனி ஹோஸ் துவாரத்தில் பாதி, அடி ஹோஸ் துவாரத்தைப் போல ஒன்றரை மடங்கு.

படி 4: கழிப்பறை வழியாக மூழ்காமல் இருக்க

கழிப்பறைத் தொட்டியின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகுகள் ஏராளம். அங்கே நீர் உள்ளே வரும் ஹோஸ், நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக உயர்ந்து வளைந்து இறங்க வேண்டும். அந்த வளைவின் உச்சியில் காற்று விடும் சின்ன வால்வு ஒன்று இருக்கும். அது உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் சைஃபன் பிடித்து, யாரும் தொடாமலே தொட்டி நிரம்பி வழியத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வெந்நீரில் அலசுங்கள். பயன்படுத்தி முடித்ததும் உள்வழி வால்வை மூடுவது அதைவிட எளிது. பாய் விரித்துப் படகு சாயும்போது சமையல் தொட்டியிலும் இதே கதை நடக்கும், சாய்ந்த பக்கத்தின் வடிகால் வழியாகக் கடல் மேலே ஏறும்.

படி 5: கரையேற்றி மாற்றுவது

ஐரோப்பாவில் நீரேற்றம் வடியும்போது படகைச் சுவரில் சாய்த்து அடியைப் பார்ப்பார்கள். இங்கே அது நடக்காது. புதுச்சேரியில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது, உங்கள் கீல் (படகின் அடியில் துடுப்புபோல் இறங்கும் கனமான பகுதி) போவதோ 1.8 முதல் 2 மீட்டர் ஆழம். ஆகவே கிரேன்தான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்குள் வரத் திட்டமிட்டால், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருக்கிறதா என்று மீனவர்களிடம் முந்தைய நாளே கேளுங்கள். விசைப்படகு தடையில்லாமல் போவதை மட்டும் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள், அதற்கு உங்கள் கீல் அளவு ஆழம் தேவையில்லை.

படகின் எடை 7 முதல் 9 டன் என்றால் பத்து டன் கிரேன் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். கிரேனின் டன் கணக்கு, சுமை அதன் காலடியிலேயே இருக்கும்போது சொன்னது. கை எட்டு மீட்டர் நீண்டால் தூக்கும் திறன் பல மடங்கு குறையும். அந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற அட்டவணையை ஆபரேட்டர் அண்ணனிடம் கேட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். படகைத் தூக்கும் பெல்ட் எங்கே விழ வேண்டும் என்பதைப் படகின் வெளிப்பக்கம் டேப்பால் குறித்துவையுங்கள். செயில்டிரைவ் மேலோ, புரொப்பல்லர் தண்டின் மேலோ, வேகமானிச் சக்கரத்தின் மேலோ விழுந்தால் சேதம் நிச்சயம்.

இனி வேலை. பழைய பொருத்தின் வெளி விளிம்பை ஆங்கிள் கிரைண்டரால் அறுத்துவிட்டு மிச்சத்தை உள்நோக்கித் தட்டுங்கள். ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். முழுவதும் ஃபைபர் என்றால் நல்லது. நடுவே பால்சா மரமோ நுரையோ தெரிந்தால், அதை 15 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸியால் நிரப்புங்கள்; விட்டால் படகின் அடி முழுக்க நீர் ஊறும். உள்பக்கம் 10 முதல் 12 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்4 ஃபைபர் தகட்டை வட்டமாக வெட்டி எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். மழை நாளில் எப்பாக்ஸி வேலை வேண்டாம், மேலே மெழுகுபோல் படிந்து அடுத்த பூச்சு ஒட்டாது.

ஒட்டும் முன் எல்லாவற்றையும் உலர்வாக ஒருமுறை மாட்டிப் பாருங்கள். வால்வு எத்தனை சுற்று ஏறுகிறது, கைப்பிடி எதிலும் இடிக்காமல் முழுதும் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். மரையிலும் கவனம் தேவை. ஒன்றரை அங்குலத்தில் நம் ஊர்க் குழாய்ச் சாமானுக்கு அங்குலத்துக்கு 11 மரை, ஐரோப்பியப் படகுகளுக்கும் அதேதான். அமெரிக்க அளவில் பதினொன்றரை. இரண்டையும் கலந்தால் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறி, பிறகு இறுகிவிடும். இறுகியதைச் சரியாகப் பொருந்தியதாக எண்ணி அப்படியே விடுபவர்கள் உண்டு.

எண்பது நம்பர் தாளால் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, சிக்காஃப்ளெக்ஸ் 291 போன்ற பாலியூரித்தேன் பசையை விளிம்பிலும் கழுத்திலும் தாராளமாக வையுங்கள். சிலிக்கான் கூடாது. வெளியே ஒருவர் பிடிக்க, உள்ளே ஒருவர் நட்டை இறுக்க வேண்டும். பசை வளையமாகப் பிதுங்கி வரும்வரை போதும். முழுப் பலத்தையும் போட்டால் பசை எல்லாம் வெளியேறி, உலோகம் ஃபைபரில் நேரடியாக உட்காரும். நைலான் பொருத்தில் நீண்ட ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். பிறகு குறைந்தது மூன்று நாள் காயவிடுங்கள்.

செயில்டிரைவ் இருந்தால் அதன் ரப்பர் வளையத்தின் தேதியையும் இப்போதே பாருங்கள். எஞ்சின் தயாரிப்பாளர் வால்வோ பென்டா சொல்வது ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று. அதை மாற்ற எஞ்சினை நகர்த்த வேண்டியிருக்கும், செலவு அதிகம். வாங்கும் விலையிலேயே பேசிக் கழித்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆற்று முகத்துவாரத்தில் படகைக் கட்டுவதாக இருந்தால் ஆனோடை (மற்ற உலோகங்களைக் காக்கத் தான் அரிபடும் உலோகக் கட்டி) அலுமினியத்துக்கு மாற்றுங்கள். மழைக்காலத்தில் நீர் உப்புக் குறைந்து போகும்போது துத்தநாக ஆனோடின் மேல் ஆக்சைடு படிந்து அது வேலையை நிறுத்திவிடும்.

படி 6: இறக்கும் நாள்

படகு தண்ணீரைத் தொட்டதும் பெல்ட்டைக் கழற்ற விடாதீர்கள். எடை பெல்ட்டில் இருக்கும்போதே உள்ளே இறங்கி, ஒவ்வொரு வால்வையும் திறந்து, காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றிலும் ஒற்றிப் பாருங்கள். புரொப்பல்லரைத் தண்டு வழியாகச் சுழற்றும் எஞ்சினும், தண்டைச் சுற்றி ரப்பர் உதட்டு சீலும் என்றால், தண்ணீர்ச் சொட்டு வரும்வரை அதை விரலால் பிதுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். இதை விட்டுவிட்டு எஞ்சினை ஓட்டினால் சீல் உலர்ந்து உரசிக் கருகும். கிரேன்காரர் மணிக்கணக்கில் காசு கேட்பார். அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.

படி 7: பம்ப் என்ன செய்யும், என்ன செய்யாது

நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. ஓட்டை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் உள்ளே வரும், மணிக்கு 8,400. படகுக்குள் சேரும் நீரை வெளியேற்றும், பெட்டியில் மணிக்கு 2000 கேலன் என்று போட்ட பம்ப், உயரமே இல்லாமல் மணிக்கு 7,570 லிட்டர் இறைக்கும். ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றும் ஹோஸ், அதன் உள்மடிப்பு, இறங்கும் பேட்டரி எல்லாம் சேர்ந்தால் பாதியோ அதற்குச் சற்று மேலோ தேறும். 8 முதல் 12 ஆம்பியர் இழுப்பதால், 100 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி அதை நாலைந்து மணி நேரம் தாங்கும். அதே ஓட்டையில் முளையை அடித்துப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் மணிக்கு 840 லிட்டர். சின்ன பம்பே சமாளிக்கும். முளையைக் கயிற்றில் கட்டிவைக்கச் சொல்வது இதனால்தான். மிதவை ஸ்விட்சின் (நீர் ஏறினால் பம்பைத் தானே ஓட்டுவது) வயரை மெயின் ஸ்விட்சைத் தாண்டி, தனி ஃபியூஸ் போட்டு பேட்டரியோடு இணையுங்கள். மாதம் ஒருமுறை மிதவையைக் கையால் தூக்கிப் பாருங்கள், தலைமுடியும் எண்ணெயும் சேர்ந்து அதைப் பிடித்துவைக்கும்.

படி 8: அடிக்குழியில் (தரைப் பலகைக்கு அடியில் உள்ள பள்ளம்) தண்ணீர் நின்றால்

வாயில் வைத்து உப்பா என்று பார்க்கச் சொல்வார்கள். டீசலும் கழிவும் கலந்த தண்ணீரை எதற்கு நக்க வேண்டும்? கேன் தண்ணீரைச் சோதிக்கிற டிடிஎஸ் மீட்டர் நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில நூறோ அதற்குக் குறைவோ காட்டினால் டேங்க், ஃபிரிட்ஜ் அல்லது ஏசியிலிருந்து வடிந்தது. அளவையே தாண்டினால் கடல். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அரியாங்குப்பம் ஆற்றிலோ, கடலூரில் கெடிலம் சேரும் துறையிலோ நின்றால், வெளியே இருப்பதே நல்ல தண்ணீராக இருக்கலாம். அப்போது படகுக்கு வெளியே உள்ள நீரையும் அளந்து, இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள்.

படி 9: அன்றாடப் பழக்கம்

எல்லா வால்வையும் மாதம் ஒருமுறை மூடித் திறங்கள். எஞ்சின் நீர் வடிகட்டியை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் பாருங்கள். இந்தக் கரையில் சொறி மீனும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து அடைக்கும். வெதுவெதுப்பான நீரில் கொட்டலசு வேகமாக வளரும், உள்வழிகளுக்குள்ளும் வளரும். நீர் வரத்து குறைந்தால், வால்வை மூடி ஹோஸைக் கழற்றி, ரப்பர் படகுக்குக் காற்றடிக்கும் பம்பை மாட்டி, வால்வைத் திறந்து உள்ளிருந்து வெளியே ஊதித் தள்ளுங்கள். ஊதி முடித்ததும் வால்வை மூடிய பிறகே பம்பை எடுங்கள்.

ஊருக்குப் போகும்போது எல்லாவற்றையும் மூடுங்கள், காக்பிட் (சுக்கான் பிடிக்கும் திறந்த பின்பகுதி) வடிகால் தவிர. அதைத் திறந்தே விட்டு, வாயில் இலையோ கயிற்று நாரோ இல்லாமல் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. நான்கு சதுர மீட்டர் காக்பிட்டில் அது 1,900 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டு டன். வடிகால் அடைத்திருந்தால் படகின் பின்பக்கம் அமிழ்ந்து, வழக்கமாக நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் வாயும் பம்பின் வெளிவாயும் கீழே போய்விடும். அவற்றுக்கு வால்வு கிடையாது.