சூப்பர்ஃபுட் வாங்கியாச்சு, சத்து உடம்பில் சேர்கிறதா?

என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் கையில் ஒரு பையோடுதான் வருவார்கள். சியா விதை, ஆளி விதை, ஸ்பைருலினா மாத்திரை, ஏதாவது ஒரு பச்சைப் பொடி. எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, "மேடம், இதில் எது ரொம்ப நல்லது?" என்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. இதை எப்படிச் சமைக்கிறீர்கள், எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள், சாப்பிட்டதும் டீ குடிப்பீர்களா? ஓர் உணவில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பது இன்னொரு கணக்கு. பொட்டலத்தின் மேல் முதல் கணக்கு மட்டும்தான் அச்சாகியிருக்கும். இரண்டாவது கணக்கில் பெரும்பகுதி நம் சமையலறையில் முடிவாகிறது.

சூப்பர்ஃபுட் என்று எந்த உணவையும் அறிவியல் தனியாகப் பிரித்து வைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல், அங்கீகாரம் பெற்ற ஓர் ஆரோக்கியக் காரணத்தைக் கூடவே சொல்லாமல் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. முன்பெல்லாம் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவை 'ஓராக்' என்ற எண்ணால் குறித்து, இந்தப் பழத்துக்கு இவ்வளவு, அந்தப் பழத்துக்கு அவ்வளவு என்று விளம்பரம் செய்தார்கள். அந்த எண்களின் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் நடப்பது உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது முக்கியமான காரணம். ஆகவே தரவரிசைப் பட்டியல் எதையும் பார்த்து வாங்காதீர்கள்.

எது குறைகிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்

இரும்பா, நார்ச்சத்தா, ஒமேகா-3 கொழுப்பா, விட்டமின் டி-யா? முடிந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு தேர்ந்தெடுங்கள். விட்டமின் சி வேண்டும் என்று ப்ளூபெர்ரி வாங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். 100 கிராம் ப்ளூபெர்ரியில் அது சுமார் 10 மில்லிகிராம்தான். ஆரஞ்சில் 50-க்கு மேல், கிவியில் 90-க்கு மேல், கொய்யாவில் 200-க்கு மேல். ப்ளூபெர்ரியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்த நீல நிறத்தைத் தரும் ஆந்தோசயனின். ரத்தக் குழாய்களுக்கு அது நல்லது என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. உறைய வைத்த பெர்ரியிலும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும், தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஜூஸாக்கிவிடாதீர்கள். 2013-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ப்ளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை முழுப் பழமாக அதிகம் சாப்பிட்டவர்களிடம் இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. பழம்தான் நோயைத் தடுத்தது என்று இந்த மாதிரி ஆய்வு நிரூபிக்காது. இருந்தாலும் நார்ச்சத்தை வடிகட்டிக் கொட்டிவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கீரையும் இரும்பும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் அதிகம் வீணாவது இங்கேதான். 100 கிராம் பச்சைப் பசலைக்கீரையில் சுமார் 2.7 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பு முழுவதையும் குடல் எடுத்துக்கொள்வதில்லை. கூட என்ன சாப்பிடுகிறோம், உடம்பில் ஏற்கனவே எவ்வளவு இரும்பு சேமிப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நூற்றுக்கு 2 முதல் 20 பங்கு வரை சேரும். இந்த இடைவெளியில்தான் நம் கைவரிசைக்கு இடம் இருக்கிறது.

கீரையோ பருப்போ சாப்பிடும் அதே வேளையில் விட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு என்றால் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் விட்டமின் சி-யில் ஒரு பகுதி போய்விடும். பச்சைக் குடைமிளகாய், தக்காளி, ஆரஞ்சுத் துண்டு எதுவும் சரி. அப்புறம், சாப்பாட்டோடு டீயும் காபியும் வேண்டாம். அவற்றில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை டீ, சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடலாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்தப் பாதிப்பு நன்றாகக் குறையும். ரத்தசோகையோடு வருபவர்களிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான், புதிதாக எதையும் வாங்கச் சொல்வதற்கு முன்பே. கால்சியம் மாத்திரை போடுபவர்கள் அதையும் இரும்பு நிறைந்த வேளையிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

பசலைக்கீரையைக் கால்சியத்துக்காக நம்ப வேண்டாம். அதில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிவிடுவதால், ஆய்வுகளில் சுமார் 5 சதவீதம்தான் உடம்பில் சேர்ந்தது. பாலில் இருந்து அது 27 சதவீதம் அளவுக்கும், ஆக்ஸலேட் குறைந்த கேல் கீரையில் இருந்து 40 சதவீதம் அளவுக்கும் சேர்ந்திருக்கிறது. பசலைக்கீரை தருவது ஃபோலேட் என்ற பி விட்டமின், விட்டமின் கே, கண்ணுக்கு வேண்டிய லூட்டின். லூட்டின் கொழுப்பில் கரைவது, அதனால் ஒரு ஸ்பூன் எண்ணெயோ சில பருப்புக் கொட்டைகளோ கூட இருக்க வேண்டும்.

வேகவைத்துத் தண்ணீரை வடிப்பதா வேண்டாமா என்று கேட்பார்கள். யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும். கரையக்கூடிய ஆக்ஸலேட்டில் நல்ல பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். மற்றவர்கள் வடித்தால் நஷ்டம், ஏனென்றால் ஃபோலேட்டில் பாதியளவும் கூடவே போகும். அவர்களுக்கு ஆவியில் வேகவைப்பது நல்லது, ஃபோலேட் பெரிதாகக் குறையாது.

நறுக்கிவிட்டுக் காத்திருங்கள்

ப்ரோக்கோலியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் சல்ஃபோராஃபேன் என்ற தாவரப் பொருள், முழுப் பூவில் தயாராக இருப்பதில்லை. செல்கள் உடையும்போது மைரோசினேஸ் என்ற நொதி இன்னொரு பொருளோடு கலந்து அதை உண்டாக்குகிறது. அந்த நொதி சூட்டில் செத்துவிடும். முழுசாகக் கொதிநீரில் போட்டால் சல்ஃபோராஃபேன் உருவாவதற்கு முன்பே கதை முடிந்துவிடும். அதனால் பொடியாக நறுக்கி, அப்படியே வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள், கடைசியாக லேசாக வதக்குங்கள். ஒன்றரை மணி நேரம் வைத்துப் பிறகு வதக்கிய ஒரு சோதனையில், உடனே வதக்கியதை விட இரண்டரை மடங்குக்கு மேல் சல்ஃபோராஃபேன் இருந்தது. அவ்வளவு நேரம் இல்லையென்றால் அரை மணி நேரமாவது வையுங்கள். உறைந்த ப்ரோக்கோலியை விற்பதற்கு முன்பே சூடுபடுத்தியிருப்பார்கள், நொதி இருக்காது. அதற்கும் வழி உண்டு: வெந்த பிறகு மேலே கொஞ்சம் கடுகுப் பொடி தூவுங்கள். கடுகிலும் அதே நொதி இருக்கிறது. சமையலறையிலேயே செய்யக்கூடிய இந்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் இது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை.

பூண்டும் இதே மாதிரிதான். நசுக்கியதும் 10 நிமிடம் வைத்தால் அல்லிசின் என்ற கந்தகப் பொருள் உண்டாகும், அதன் பிறகு எண்ணெயில் போடுங்கள். தக்காளி மட்டும் இதற்கு நேரெதிர். அதன் சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன் எண்ணெயோடு நன்றாக வெந்தால்தான் உடம்பில் அதிகம் சேரும்.

விதைகள், பயறு, கொட்டைகள்

ஆளி விதையை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் முழுசாகவே வெளியே போய்விடும். அரைக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி பொடியில் சுமார் 1.6 கிராம் ஏஎல்ஏ வகை ஒமேகா-3 கிடைக்கும். ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவே அதுதான், பெண்ணுக்கு 1.1 கிராம். அரைத்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: மீனில் இருக்கும் இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 வகைகள் வேறு. விதையில் உள்ள ஏஎல்ஏ-வை உடம்பு அவற்றாக மாற்றுவது மிகக் கொஞ்சம். மீன் சாப்பிடுபவர்கள் மத்தி, சால்மன் போன்றவற்றை வாரம் இரண்டு முறை சேர்த்துக்கொள்ளலாம். சாப்பிடாதவர்களுக்குப் பாசியிலிருந்து எடுக்கும் டிஹெச்ஏ எண்ணெய் இருக்கிறது.

சியா விதை தன் எடையைப் போலப் பத்து மடங்கு வரை தண்ணீரை இழுக்கும். காய்ந்த விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, அது உணவுக் குழாயில் உப்பி அடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனவர் உண்டு. ஊறவைத்து, ஜெல் மாதிரி ஆன பிறகுதான் சாப்பிட வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பயறு, பருப்பு வகைகளை யாரும் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை. என்னைக் கேட்டால் பட்டியலில் முதலில் வர வேண்டியவை இவைதான். ஒரு கப் வெந்த மைசூர்ப் பருப்பில் சுமார் 18 கிராம் புரதம், 15 கிராம் நார்ச்சத்து, 6.6 மில்லிகிராம் இரும்பு இருக்கின்றன. ஒரு நாள் ஃபோலேட் தேவையில் பெரும்பகுதியும் அதிலேயே வந்துவிடும். முழுப் பயறுகளை இரவில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால், இரும்பையும் துத்தநாகத்தையும் தடுக்கும் ஃபைடேட் கொஞ்சம் குறையும். முளைகட்டினால் இன்னும் குறையும். ராஜ்மாவில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் 30 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். அதில் உள்ள லெக்டின் சரியாக அழியாவிட்டால் நாலைந்து கொட்டைகளே கடும் வாந்தியை உண்டாக்கும். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பச்சை ராஜ்மாவைப் போடவே கூடாது.

வால்நட், பாதாம் ஒரு கைப்பிடி போதும். ப்ரேசில் நட் மட்டும் எண்ணிச் சாப்பிட வேண்டியது. ஒரே ஒரு கொட்டையில் ஒரு நாளைக்கு வேண்டிய 55 மைக்ரோகிராமுக்கு மேல் செலினியம் இருக்கலாம். பாதுகாப்பான உச்ச வரம்பு 400. தினமும் ஒரு கிண்ணம் சாப்பிட்டால் முடி கொட்டும், நகம் உடையும்.

இன்னும் சில

ஓட்ஸில் இருக்கும் பீட்டா-குளுக்கான் என்ற கரையும் நார்ச்சத்து ஒரு நாளைக்கு 3 கிராம் கிடைத்தால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஓரளவு குறையும். அதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும், இரண்டு ஸ்பூன் போதாது. பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். அந்த வேலையின் முதல் கட்டத்தைச் செய்வது நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள், ஆகவே கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டால் பலன் குறையும். காளானை நறுக்கி, மதிய வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் அதில் விட்டமின் டி உண்டாகும். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்கள் ஸ்பைருலினாவை பி12-க்காக நம்பக் கூடாது. அதில் உள்ளது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12. மாத்திரையோ, பி12 சேர்த்த உணவோதான் வழி.

மருந்து சாப்பிடுபவர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து போடுபவர்கள் கீரையை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும். திடீரென்று கூட்டினால் விட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் மருந்துகள் சாப்பிடுபவர்கள் கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனப் பழம்) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றும். சிறுநீரகம் பலவீனமாக உள்ளவர்களுக்கு அவகாடோ, வாழைப்பழம், கீரை போன்றவற்றின் பொட்டாசியமே ஆபத்தாகலாம். க்ரீன் டீ குடிப்பது வேறு, அதன் சாரத்தை மாத்திரையாக விழுங்குவது வேறு. நாளைக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் இஜிசிஜி (க்ரீன் டீயின் முக்கிய வேதிப்பொருள்) உள்ள மாத்திரைகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. மஞ்சளைச் செறிவாக்கி மிளகுச் சாரத்தோடு சேர்த்து விற்கும் மாத்திரைகளாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சமையலில் சேர்க்கும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

சரி, எங்கே தொடங்குவது? இந்த வாரம் ஒரே ஒரு மாற்றம். டீயைத் தள்ளிப் போடுவது சுலபம், அதையே வைத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் தினமும் அரை கப் பயறு. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், வலிக்கும். தண்ணீரும் கூடவே அதிகம் குடியுங்கள். உப்பினால் அளவைப் பாதியாக்கி, ஒரு வாரம் பொறுத்து மறுபடி ஏற்றுங்கள். இரும்புக்காக ஆரம்பித்தவர்கள் மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது ஏறவில்லையென்றால் இன்னொரு பொடியைத் தேடிப் போகாமல், ரத்தம் எங்காவது இழக்கப்படுகிறதா, குடல் சத்தை எடுத்துக்கொள்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.